வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது



அண்மையில் ஒரு தோட்டத்தில் நடந்த எமது கிளைக் கூட்டத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "பத்தாம் நம்பர் மலையில ரெண்டாயிரம் செடி எழுதித் தாறேன்னு தொரை சொல்றாரு. எடுத்தா பெரட்டுக்குப் போகத் தேவையில்லையாம். நம்ம நேரத்துக்கு நம்மளே கொழுந்து எடுத்துக் குடுக்கலாமாம். எடுக்கவா, விடவா? சங்கம் என்ன சொல்லுது?"

தலைவர் வாய் திறக்கும் முன்பே இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. "எடுக்காதீங்க அக்கா, ஏமாத்துறாங்க" என்றார் ஒருவர். "நாங்க எடுத்தோம், கையில நாலு காசு பார்த்தோம்" என்றார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பட்டதைச் சொன்னார்கள். ஆனால் ஒரு குடும்பம் இருபது வருட சேவையை வைத்து எடுக்க வேண்டிய முடிவை, காதில் விழுந்த இரண்டு வார்த்தைகளை வைத்து எடுக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த மாதத் தலையங்கம் அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் கம்பெனிகளின் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு தோட்டத்து வேலையைச் செக்ரோலில் பெயருள்ள தொழிலாளரைக் கொண்டு தானே செய்வதா, வெளியே கொடுத்துவிடுவதா என்று ஒவ்வொரு நிர்வாகமும் இன்று யோசிக்கிறது. வெளியே கொடுப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று கொந்தரப்பு. புல்லு வெட்டு, கான் வெட்டு, கவ்வாத்து, மருந்தடிப்பு, சில இடங்களில் கொழுந்து பறிப்பு கூட ஒரு ஆளிடம் மொத்தமாகப் பேசி விடப்படுகிறது. அவர் ஆட்களைக் கொண்டுவந்து நாளாந்தம் கைக்காசு கொடுக்கிறார். இரண்டாவது, வெளியார் உற்பத்தி முறை. 'அவுட்குரோவர்' என்று சொல்கிறார்களே, அதுதான். இத்தனை செடி என்று ஒரு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரிப்பை அவர்கள் தலையில் வைத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வது.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே பொய்யல்ல. இளைஞர்கள் கொழும்புக்குப் போகிறார்கள். பெரட்டுக்கு வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பல தோட்டங்களில் மலைகள் காடாகிக் கிடக்கின்றன. இவற்றை நாமும் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் ஆட்கள் ஏன் போனார்கள் என்ற கேள்விக்குச் சம்பளத்தையும் லயத்தையும் பார்த்தாலே பதில் கிடைக்கும். அதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

வேலையை வெளியே கொடுப்பதே குற்றம் என்று எமது சங்கம் சொல்லவில்லை. தொழிற்சாலை இயந்திரம் பழுதானால் அதற்கென்று தேர்ந்தவரை அழைப்பதும், பாலம் கட்ட ஒப்பந்தக்காரரைப் பிடிப்பதும், லொறி வாடகைக்கு எடுப்பதும் இயல்பானவை. எப்போதாவது வரும் வேலை அது. அதற்குரிய கருவியும் பயிற்சியும் தோட்டத்தில் இருக்காது. கொழுந்தும், புல்லும், உரமும், கவ்வாத்தும் அப்படியல்ல. தேயிலைத் தோட்டம் என்று ஒன்று இருக்கும் வரை இந்த வேலைகள் இருக்கும். அவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த லயங்களிலேயே இருக்கிறார்கள். வெளியாளுக்குத் தெரிந்த எதுவும் எமக்குத் தெரியாமல் இல்லை. அப்படியானால் வெளியே கொடுப்பதில் கம்பெனிக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பேருக்கு 281 ரூபா 25 சதம்

ஒரு பென்சிலும் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 இல் தீர்மானிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைக் கணக்குக்கு எடுப்போம். சம்பளம் மாறினால் தொகை மாறும், கணக்கு முறை மாறாது. வருடத்துக்கு 240 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப். புக்கு, தொழில் கொள்வோர் 12 வீதம் போட வேண்டும். ஒரு பேருக்கு 162 ரூபா. ஈ.டி.எப். 3 வீதம், அது 40 ரூபா 50 சதம். சேவைக்காலப் பணம், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். அது 18,900 ரூபா. 240 ஆல் பிரித்தால் ஒரு பேருக்கு 78 ரூபா 75 சதம். மூன்றையும் கூட்டினால் 281 ரூபா 25 சதம்.

ஆக 1,350 ரூபா சம்பளத்துக்குப் பெயர் போட்டால், கம்பெனியின் செலவு 1,631 ரூபா 25 சதம். இதற்கு மேல் பிரசவ சகாயம், விடுமுறைச் சம்பளம், பிள்ளை மடுவம் என்று வேறு செலவுகளும் உண்டு.

இப்போது கொந்தரப்புக்காரர் வந்து, "கையில 1,500 தாறேன்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் செக்ரோல் சம்பளத்தில் உங்கள் பங்கான 8 வீத ஈ.பி.எப். 108 ரூபா கழிந்து கைக்கு வருவது 1,242 ரூபா. கைக்காசில் 258 ரூபா கூட. ஆனால் அந்த 258 ரூபாவுக்காக நீங்கள் விடுவது என்ன? உங்கள் பங்கும் கம்பெனியின் பங்குமாக ஈ.பி.எப். 270 ரூபா. ஈ.டி.எப். 40 ரூபா 50 சதம். சேவைக்காலப் பணம் 78 ரூபா 75 சதம். மொத்தம் 389 ரூபா 25 சதம். நாளொன்றுக்கு 131 ரூபா 25 சதம் நட்டம். 240 நாளைக்கு 31,500 ரூபா. இலாபத்தின் ஊற்று இதுதான். கொந்தரப்புக்காரர் எம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் புல்லு வெட்டுவதால் வந்த மிச்சமல்ல. எமது முதுமைக்குப் போக வேண்டிய பணம் நின்று போனதால் வந்த மிச்சம்.

கைக்காசை நம்பி வாழும் குடும்பங்களை நாம் குறை சொல்லவில்லை. கடைக் கடன் நிற்கும்போது, அடகு வைத்த தோடு மூழ்கப் போகும்போது, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டியிருக்கும்போது, வயதான காலத்தில் கிடைக்கும் காசு பசிக்கு உதவாது. அது எமக்குத் தெரியும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஈ.பி.எப். சட்டம் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாக, கொந்தரப்பில், கிலோ கணக்கில் கூலிக்கு வேலை செய்பவருக்கும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். போட வேண்டும். "கைக்காசுக்கு ஈ.பி.எப். இல்லை" என்பது வழக்கமாகிப் போன பேச்சு. அது சட்டமல்ல.

இது புதிய பாட்டு அல்ல

எமது முன்னோருக்கு இந்த முறை புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் ஆள் பிடிக்கும் வேலையைத் தாங்கள் செய்யவில்லை. பெரிய கங்காணியிடம் விட்டார்கள். ஆள் பிடித்தவரும் அவரே, முற்பணம் கொடுத்தவரும் அவரே, வேலை வாங்கியவரும் அவரே. தலைக்காசும் பென்ஸ் காசும் அவருக்குப் போயின. கடலைக் கடந்து வந்த செலவு மட்டும் கடனாகத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. கடன் தொகையை எழுதிய ஒரு 'துண்டு'க் கடதாசியோடு ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார்கள். 1921 இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. துரையிடம் கேட்டால் "கங்காணியிடம் கேள்", கங்காணியிடம் கேட்டால் "துரையிடம் கேள்". நடுவில் நின்றவருக்கு நியாயம் கிடைக்கவில்லை.

இன்று ஒரு மலையில் கொந்தரப்பு வேலை செய்யும் பெண்ணுக்குக் குளவி கொட்டினால் என்ன நடக்கும்? யார் வண்டி கொடுப்பது? ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு யார் சம்பளம் தருவது? தோட்டம் "அவர் எங்கள் ஆள் இல்லை" என்கிறது. கொந்தரப்புக்காரரின் தொலைபேசி வேலை செய்வதில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் இருக்கிறது. ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியாதவருக்குச் சட்டம் இருந்தும் இல்லாததுதான். வேலையை வெளியே கொடுத்தவர்கள் அந்த வேலையோடு பொறுப்பையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நாம் எதிர்ப்பது இதைத்தான்.

செடி எடுப்பவர் யார்?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். செடி எடுப்பது கொந்தரப்பைவிட மரியாதையானதாகத் தெரிகிறது. பெரட்டு இல்லை, கங்காணியின் சத்தம் இல்லை, "உங்கள் செடி" என்ற வார்த்தை இருக்கிறது. லயத்துக்குப் பக்கத்தில் நல்ல செடி கிடைத்து, நியாயமான விலையும் கிடைத்த சில குடும்பங்கள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன. அதை மறைக்க மாட்டோம்.

"நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்துதான். அவர்களால் முடியும்போது உங்களால் ஏன் முடியாது?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் சிறு தோட்டக்காரருக்குக் காணி தன்னுடையது. பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். மறு நடுகைக்குச் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபையிடம் மானியம் கேட்கலாம். ஒரு தொழிற்சாலை நிறையில் ஏமாற்றினால் அடுத்த தொழிற்சாலைக்குக் கொழுந்தைக் கொடுக்கலாம். தேயிலை விற்ற விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற ஒரு பங்கீட்டுக் கணக்கும் அவர்களுக்கென்று உண்டு.

நமக்குப் பிரித்துக் கொடுக்கும் செடியில் இவற்றில் எது இருக்கிறது? நிலம் அரசாங்கத்தினுடையது. கம்பெனியே அதை 53 வருடக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கிறது. தன்னிடம் இல்லாத உரித்தைக் கம்பெனி உங்களுக்கு எழுதித் தர முடியாது. கொழுந்தை அதே தோட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். விலையையும் கழிவையும் அவர்களே சொல்கிறார்கள். ஆக, செடி எடுத்தவர் பாதி வழியில் நிற்கிறார். தொழிலாளிக்குரிய பாதுகாப்பும் இல்லை, உடைமையாளருக்குரிய உரிமையும் இல்லை.

நட்டம் வரும் நாளில் இந்த வித்தியாசம் தெரியும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். உரம் இல்லாமல் கொழுந்து குறைந்தது. அந்த முடிவை எடுத்தது நாமல்ல. ஆனால் கொழுந்தை மட்டுமே நம்பியிருந்தவருக்குக் கிலோ குறைந்த அளவுக்கு அடுப்பும் குறைந்தது. மழை பொய்த்தாலும், கொப்புள நோய் வந்தாலும் இதே கதைதான். வேலை கொடுப்பவரின் நட்டம், செடியோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

எடு என்றோ விடு என்றோ சங்கம் உத்தரவு போடாது. ஆனால் கையெழுத்து வைக்கும் முன் இந்த ஏழு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒன்று: செக்ரோலில் என் பெயர் இருக்குமா? இதுவே முதற் கேள்வி. சேவைக்காலப் பணம் கடைசியாக வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். 18 வருட சேவை உள்ளவருக்கு 252 நாட் சம்பளம். 1,350 ரூபா வீதம் 340,200 ரூபா. இன்று பெயர் நீங்கினால் கணக்கு இன்றைய சம்பளத்தோடு நின்றுவிடும். பெயர் தொடர்ந்தால், நாளைக்குச் சம்பளம் கூடும்போது பழைய 18 வருடங்களுக்கும் புதிய சம்பளத்தில் கணக்கு வரும். பெயரை நீக்கத்தான் போகிறார்கள் என்றால், 30 நாட்களுக்குள் அந்தப் பணத்தைத் தர வேண்டியது சட்டம். "பிறகு பார்ப்போம்" என்பது பதில் அல்ல.

இரண்டு: ஒரு கிலோவுக்கு என்ன விலை, யார் தீர்மானிப்பது? 68 வீதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாக்கு, தண்ணீர், போக்குவரத்து, உரம் என்று எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

மூன்று: எந்த மாதிரிச் செடி? வீ.பீ. தேயிலையா, கிழட்டு விதைத் தேயிலையா? இடையில் எத்தனை செடி செத்திருக்கிறது? கடைசிக் கவ்வாத்து எப்போது? கவ்வாத்துக்கு முந்திய மாதத்தில் செடியைக் கையில் கொடுத்தால், முதல் சில மாதங்களுக்கு வருமானமே இருக்காது. அந்த மாதங்களுக்குத் தோட்டத்தில் பெயர் போட்டு வேலை தருவார்களா?

நான்கு: எத்தனை வருடத்துக்கு? காடாய்க் கிடந்த மலையை நீங்கள் வெட்டித் துப்புரவாக்கி, உரம் போட்டு, கொழுந்து கண்ட பிறகு திரும்ப எடுத்துக்கொண்டால் உங்கள் உழைப்புக்கு என்ன ஈடு?

ஐந்து: பத்திரம் யார் பெயரில்? கொழுந்து எடுப்பது பெண்கள். கடதாசியும் காசும் ஆண் பெயரில் போகக் கூடாது. கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஆறு: செடியை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

ஏழு: பத்திரம் தமிழில் இருக்கிறதா? ஒரு பிரதி உங்கள் கைக்கு வருமா? வாசிக்க முடியாத மொழியில் இருக்கும் எதிலும் பெருவிரல் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே செடி எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, எத்தனை பேர் மலைக்குப் போனீர்கள் என்று எழுதுங்கள். மாத முடிவில் கழிவெல்லாம் போகக் கைக்கு வந்த காசை, வீட்டில் எல்லோரும் உழைத்த மொத்தப் பேரால் பிரியுங்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளை எடுத்த கொழுந்து இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பேருக்கு 1,631 ரூபாவுக்குக் கீழே வந்தால், செக்ரோல் பேரைவிடக் குறைவாக வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். பிள்ளையின் படிப்பைக் கொடுத்துத்தான் அந்தக் கணக்கு நேராகிறது என்றால், அந்தச் செடி வேண்டாம்.

சங்கம் கேட்பது

நிர்வாகங்களிடம் எமது கோரிக்கைகள் நான்கு. நாளாந்தத் தோட்ட வேலை எதையும் வெளியே கொடுக்கும் முன் தொழிற்சங்கங்களோடு பேச வேண்டும். கொந்தரப்பு வேலை செய்பவருக்கும் சட்டப்படியான சம்பளமும் ஈ.பி.எப்., ஈ.டி.எப். பும் கிடைப்பதைத் தோட்டமே உறுதி செய்ய வேண்டும். கொந்தரப்புக்காரர் போடாவிட்டால் தோட்டம் போட வேண்டும். தோட்டத்து மலையில் யாருக்கு விபத்து நேர்ந்தாலும் வண்டியும் வைத்தியமும் தோட்டத்தின் பொறுப்பு. செடி எடுக்க விரும்பாதவரை, வேலை நாளைக் குறைத்துக் கட்டாயப்படுத்தக் கூடாது.

வீட்டுக்குள்ளும் ஒரு பேச்சு உண்டு. சில இடங்களில் தலைவர்களே கொந்தரப்பு எடுக்கிறார்கள் என்ற முறைப்பாடு எமக்கு வருகிறது. காலையில் ஆட்களுக்குக் கைக்காசு கொடுத்தவர், மாலையில் அதே ஆட்களுக்காகத் துரையிடம் ஈ.பி.எப். கேட்க முடியாது. எமது கிளைகளில் பொறுப்பில் இருப்பவர் தன் தோட்டத்தில் கொந்தரப்பு எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டுமானால் பொறுப்பை விட்டுவிட்டு எடுக்கட்டும்.

உறுப்பினர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். சம்பளத் துண்டைப் பார்ப்பது, ஈ.பி.எப். கணக்கை விசாரிப்பது, நிறை போடும்போது தராசைக் கவனிப்பது, இவற்றையெல்லாம் "தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று நாமும் வெளியே கொடுத்துவிட்டோம். தலைவர் ஒருவர், உறுப்பினர் நூற்றுக்கணக்கில். அந்த வேலைகளை அவரவர் செய்தால்தான் சங்கம் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும். ஒரு மாதத்து ஈ.பி.எப். அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்று தெரிந்தால் அன்றே கிளையில் சொல்லுங்கள். அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.

கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு எமது பதில் இது. அக்கா, அவசரப்படாதீர்கள். அந்தக் கடதாசியைக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். ஏழு கேள்விகளையும் உட்கார்ந்து வாசிப்போம், கணக்கையும் சேர்ந்தே போடுவோம். கணக்கு சரி வந்தால் எடுங்கள்; விலையும் நிறையும் குறையாமல் பார்ப்பதற்குச் சங்கம் உங்களோடு நிற்கும். சரி வராவிட்டால் விடுங்கள். விட்டதற்காக உங்கள் பேரைக் குறைக்க முயன்றால் அதற்கும் சங்கம் நிற்கும். அதுவரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.